எமது சங்கங்களின் இணையத்தளங்கள்: எளிய முறைமையொன்றைத் தெரிவுசெய்தல்

புலம்பெயர்ந்த எமது மக்கள் தாம் குடியேறிய நகரங்களில் முதலில் நிறுவியவை இரண்டு. ஒன்று கோவில், மற்றையது தமிழ்ப் பாடசாலை. மூன்றாவதாக வந்தது இணையத்தளம். முதலிரண்டையும் பேணுவதற்கு நிருவாகசபை, பொதுக்கூட்டம், கணக்காய்வு என ஒழுங்குகள் உண்டு. மூன்றாவதற்கோ, கணினி தெரிந்த ஒரு பிள்ளை போதும் என்பதே எமது எழுதப்படாத யாப்பாக இருந்து வருகின்றது. அந்தப் பிள்ளை படிப்பை முடித்து வேறு நகருக்குச் சென்றதும் தளம் அப்படியே நின்றுவிடும். சில ஆண்டுகளின் பின்னர் அந்த முகவரியை அழுத்தினால் மருந்து விற்பனை விளம்பரம் தோன்றும். அல்லது ஒன்றுமே தோன்றாது.

யேர்மனியில் ஒரு நடுத்தர நகரத்திலுள்ள தமிழ்ப் பாடசாலையின் இணையத்தளத்தை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன். பொறியியல் கற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மென்பொருள் துறையில் தொழில்புரிபவன் என்ற வகையில் இவ்விடயத்தில் எனக்கென ஒரு கருத்துண்டு. எமது சங்கங்கள், பாடசாலைகள், ஊர் ஒன்றியங்கள் ஆகியவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற பெரிய முறைமைகள் தேவையில்லை. எளிய கருவி ஒன்றினால் ஆக்கப்பட்ட நிலையான எச்ரிஎம்எல் பக்கங்களே போதும். போதும் என்பதைவிட, அவையே பாதுகாப்பானவை என்பேன். இதைச் சொல்லும் தகுதி எனக்கு அறிவினால் வந்ததன்று, செய்த பிழையினால் வந்தது. ஆகையால் பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

எமது பாடசாலையின் முதலாவது தளம் 2001 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அக்காலத்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் மைக்ரோசொப்ற் ஃபுரொன்ற்பேஜ் மென்பொருளில், பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அதனை உருவாக்கினார். பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய ஏற்பாடு என்பதை வாசகர்கள் அறிவர். எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவாதவருக்கு அப்பக்கங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரிந்தன; தேடுபொறிக்கும் அவ்வாறே. பின்னணியில் மினுங்கும் நட்சத்திரங்கள், தானாக ஓடும் எழுத்து, வந்தோர் தொகையைக் காட்டும் எண்ணி என அக்காலத்து அலங்காரங்கள் யாவும் அதில் இருந்தன. பார்ப்பதற்கு அழகானதென்று சொல்ல மாட்டேன்.

2008 இல் நான் அதனை மாற்றியமைத்தேன். அவ்வாண்டு தையில் வெளிவந்த ஜூம்லா 1.5 எம்போன்ற இளைஞர்களை மிகவும் கவர்ந்தது. தரவுத்தளம், பயனர் கணக்குகள், நாட்காட்டி, படத்தொகுப்பு, வாக்கெடுப்பு என ஒரு செய்தி நிறுவனத்துக்குரிய வசதிகள் யாவும் இலவசமாகக் கிடைத்தன. எமது பாடசாலையில் வாக்கெடுப்பு நடத்த என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் தளம் நன்றாகவே இயங்கியது. ஆண்டுவிழாச் செய்திகள், பிள்ளைகளின் கட்டுரைகள், மறைந்த ஆசிரியர்களுக்கான அஞ்சலிகள், ஊரிலிருந்து வந்து எம்மிடையே வாழ்ந்து முடித்த முதியவர்களின் நினைவுரைகள் என அது நிரம்பியது.

இடையில் 2011 இல் தொழில் நிமித்தம் நான் தென்யேர்மனிக்குச் சென்றேன். ஜூம்லா 1.5 க்கான ஆதரவு 2012 இல் நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்புக்கு மாறுவது ஓர் அழுத்தில் முடியும் வேலையன்று. வார்ப்புரு, நீட்சிகள் யாவற்றையும் புதிதாக மாற்றவேண்டும். "வருகின்ற விடுமுறையில் செய்கின்றேன்" என்று இரண்டு விடுமுறைகளைக் கடத்தினேன். 2013 இன் பிற்பகுதியில் எவரோ தளத்தினுள் புகுந்து அதனை எரித மின்னஞ்சல் அனுப்பும் நிலையமாக மாற்றிவிட்டனர். வழங்கியை நடத்திய நிறுவனம் கணக்கை முடக்கி, குறித்த திகதிக்குள் துப்புரவு செய்யுமாறு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அம்மின்னஞ்சல் சென்றதோ, முன்னைநாட் பொருளாளர் ஒருவர் எப்போதோ கைவிட்டுவிட்ட முகவரிக்கு. தவணை கடந்தது, கணக்கு அழிக்கப்பட்டது.

காப்புப்பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நானே தரவுத்தளத்திலிருந்து இறக்கிவைத்த கோப்பு அது. ஆனால் இறக்கும்போது எழுத்துக் குறியேற்றம் மேற்கு ஐரோப்பிய முறையில் அமைந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பான அமைப்பே 2018 இல் 8.0 பதிப்பு வரும்வரை அதுவாகத்தான் இருந்தது. அந்தக் குறியேற்றத்துக்குள் அடங்காத ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாற்றப்படும். திரும்பவும் மீட்க இயலாது, ஏனெனில் எல்லா எழுத்துக்கும் ஒரே கேள்விக்குறிதான்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது யேர்மன் மொழியில் எழுதப்பட்ட தெருப் பெயர்கள், இரட்டைப் புள்ளியிட்ட எழுத்துக்கள் உட்பட, ஒன்றுவிடாமல் இருந்தன. திகதிகள் இருந்தன. மண்டபத்தின் தொலைபேசி எண் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. ஓர் அஞ்சலிக் குறிப்பில் பிறந்த திகதியும் இறந்த திகதியும் இருக்க, பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அதனை இன்றும் மறக்க முடியவில்லை.

2001 ஆம் ஆண்டின் அந்த நட்சத்திரம் மினுங்கும் தளம் என்னவாயிற்று? பாடசாலை அலுமாரியில் ஓர் இறுவட்டில் கிடந்தது. கணினியில் இட்டுத் திறந்தேன், திறந்தது. பாமினி எழுத்துக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இப்போது இணையத்திலேயே உண்டு. ஒரு மாலைப்பொழுதில் எல்லாப் பக்கங்களும் வாசிக்கத்தக்கனவாயின. பொறியியலாளனாகிய நான் ஆக்கிய தளம் அழிந்தது. பதினேழு வயது மாணவர் ஆக்கிய தளம் உயிருடன் இருக்கின்றது. இதற்குத் திறமை காரணமன்று. அவருடையது வெறும் கோப்புகள், என்னுடையது பல பாகங்கள் ஒன்றுகூடி இயங்கினால் மட்டுமே உயிர்வாழும் இயந்திரம்.

இந்த வேறுபாட்டைத் தொழில்நுட்பம் அறியாத நிருவாகசபை உறுப்பினர்களுக்கு நான் இவ்வாறு விளக்குவதுண்டு. வேர்ட்பிரஸ் போன்ற முறைமையில், ஒருவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வழங்கியிலுள்ள பிஎச்பி நிரல் விழித்தெழுந்து, தரவுத்தளத்திடம் கேட்டு, வார்ப்புருவிற் பொருத்தி, பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கின்றது. கலியாண வீட்டில் வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உலை வைப்பது போன்றது அது. அதற்குத் தேவையுள்ள தளங்கள் உண்டு. வங்கிக்குத் தேவை, கடைக்குத் தேவை. ஆயிரக்கணக்கான நூல்களைப் பலர் சேர்ந்து பதிவேற்றிப் பட்டியலிடும் எமது நூலகம் போன்ற எண்ணிம நூலகத்துக்கும் தேவை. பாடசாலைத் தளத்தில் நடப்பதோ வேறு. ஒரு மாதத்தில் இரண்டோ மூன்றோ மாற்றங்கள்: விழா அறிவித்தல், பரீட்சைத் திகதி, சில படங்கள். எல்லா வாசகருக்கும் ஒரே பக்கம். ஒரே தடவை சமைத்து வைத்துவிட்டால் வழங்கியின் வேலை பரிமாறுவது மட்டுமே.

உடைத்து உட்புகுவதற்கு அங்கே சமையலறையும் இல்லை. இது சிறிய நன்மையன்று. 2014 ஒக்ரோபரில் ட்ரூபல் முறைமையில் ஒரு பெருங் குறைபாடு வெளிப்பட்டது. அறிவித்தல் வந்து ஏழு மணித்தியாலங்களுக்குள் திருத்தப்படாத தளம் எதுவும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருதப்பட வேண்டுமென அதன் பாதுகாப்புக் குழுவினரே பின்னர் அறிவித்தனர். ஏழு மணித்தியாலம்! எமது சங்கங்களில் மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்கு ஏழு நாட்கள் எடுக்கும். 2017 இல் வேர்ட்பிரஸ் 4.7 இல் இருந்த வழுவினால் மிகப் பெருந்தொகையான பக்கங்கள் கடவுச்சொல் எதுவுமின்றி மாற்றி எழுதப்பட்டன. வேர்ட்பிரஸ் 2013 இலிருந்து சிறு திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்கின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதன் மையநிரல் இன்று மோசமானதன்று. ஆபத்து பெரும்பாலும் நாம் மேலே அடுக்கிவைக்கும் செருகுநிரல்களினூடாகவே வருகின்றது. எழுதியவர் கைவிட்ட செருகுநிரலுக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்?

எமது கதைக்குத் திரும்புகின்றேன். தளம் அழிந்தபின், 2015 இல் பெற்றோர் ஒருவர் பெருமுயற்சியெடுத்து வேர்ட்பிரஸில் புதிய தளமொன்றை அமைத்தார். அவரை நான் குறைகூற மாட்டேன். அன்று எவரும் அதைத்தான் செய்திருப்பர். ஏழு ஆண்டுகளில் செருகுநிரல்கள் இருபதைத் தாண்டின. அவருடைய பிள்ளை பாடசாலையை முடித்ததும் அவரும் விலகினார். 2022 இலையுதிர்காலத்தில் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து பாடசாலைக்குக் கடிதம் வந்தது. உங்கள் தளம் கூகுளின் எழுத்துருக்களை அமெரிக்க வழங்கியிலிருந்து நேரடியாக இறக்குகின்றது, அதனால் எனது கட்சிக்காரரின் ஐபி முகவரி அனுமதியின்றி அங்கு சென்றுவிட்டது, 170 யூரோ செலுத்துக என்பது அதன் சாரம்.

இதன் பின்னணி யேர்மனிவாழ் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். 2022 ஜனவரியில் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் ஒன்று இத்தகைய வழக்கில் 100 யூரோ இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் காட்டி நாடெங்கும் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இத்தகைய கடிதங்கள் பெருந்தொகையாக அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில், இவ்வாறு கடிதம் அனுப்பியோர் சிலர்மீது பெர்லின் அரச வழக்குத் தொடுநர்கள் மோசடி முயற்சி எனும் ஐயத்தில் தேடுதல் நடத்தினர். நாமோ அதற்கு முன்னரே பணத்தைச் செலுத்திவிட்டோம். தளத்தில் எந்த எழுத்துரு எங்கிருந்து வருகின்றது என்பதை நிருவாகசபையில் எவரும் அறிந்திருக்கவில்லை. வார்ப்புரு செய்த முடிவு அது. வேடிக்கை என்னவெனில், இறக்கப்பட்ட அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துக்களே இல்லை. இலத்தீன் எழுத்துக்கள் மட்டுமே இருந்தன.

2023 இல் நான் மீண்டும் இந்நகருக்கு வந்து சேர்ந்தேன். பாடசாலையின் நிருவாகி என்னைத் தேடி வந்தார். எனது பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர், அறுபதைக் கடந்தவர். நாம் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைப்போம். புதிய தளம் பற்றி நான் ஆர்வத்துடன் விளக்கத் தொடங்கியதும் அவர் இடைமறித்தார். "தம்பி, அதெல்லாம் சரி. நீர் திரும்பவும் வேறை ஊருக்குப் போனால் இதை ஆர் பாக்கிறது?" என்றார். எனக்குப் பதிலிருக்கவில்லை. "வேறை ஒருத்தரும் வராட்டிலும் இது இருக்குமோ?" என்பது அடுத்த கேள்வி. முறைமைகளை ஒப்பிடும் எத்தனையோ அட்டவணைகளை எனது தொழிலிற் பார்த்துள்ளேன். இந்த இரு கேள்விகளும் அவற்றுள் எதிலும் இருந்ததில்லை.

அவ்விரு கேள்விகளையும் வைத்துக்கொண்டே தெரிவுகளை ஆராய்ந்தேன். முதலாவது கேள்விக்குப் பதில், ரீச்சரே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது. இரண்டாவதற்குப் பதில், மென்பொருள் நாளை இல்லாமற் போனாலும் பக்கங்கள் எஞ்சவேண்டும் என்பது.

நிலைப்பக்கங்களை ஆக்கித்தரும் கருவி புதிய கண்டுபிடிப்பன்று என்பதை முதலிற் குறிப்பிட வேண்டும். 2001 இல் வந்த மூவபிள் ரைப் எழுதியதை எச்ரிஎம்எல் கோப்புகளாகவே வெளியிட்டது. புளொக்கர் சேவையும் 2010 வரை பயனரின் சொந்த வழங்கிக்குக் கோப்புகளை அனுப்பித் தந்தது. 2004 இல் மூவபிள் ரைப் தனது உரிம விதிகளை இறுக்கியபோது பலர் வேர்ட்பிரஸுக்கு இடம்பெயர்ந்தனர். தொழில்நுட்பத் தராசில் நிறுத்துப் பார்த்து வந்த மாற்றமன்று அது. 2008 இல் ஜெக்கிலும் 2013 இல் ஹியூகோவும் வந்தபோது பழைய வழி மீண்டும் திறந்தது.

ஹியூகோ எனக்கு மிகவும் விருப்பமானது. ஒரேயொரு நிரற்கோப்பு, ஆயிரம் பக்கங்களையும் சில வினாடிகளில் ஆக்கிவிடும். எனது சொந்தத் தேவைக்கு வேறெதையும் நாடமாட்டேன். ஆனால் அதற்கு எழுதுமிடம் கிடையாது. மார்க்டவுன் குறியீட்டில் கோப்பை எழுதி, கட்டளைச் சாளரத்தில் ஆணையிட வேண்டும். அதனை ரீச்சர் முன் வைத்தால், மீண்டும் அது என் தளமாகவே ஆகிவிடும். 2008 இன் பிழையை வேறு மென்பொருளிற் செய்வதாகவே அது முடியும்.

ஹியூகோவுக்கு மேல் உலாவியில் இயங்கும் எழுதுபலகை ஒன்றைப் பொருத்தலாம். நெற்லிஃபை நிறுவனம் தொடங்கிய அத்தகைய கருவி 2023 இல் வேறு கைக்கு மாறி டிகாப் எனும் பெயரில் தொடர்கின்றது. முகம் எளிமையானது, ஆனால் முதுகுப்புறம் சிக்கலானது. எழுதியது கிட் களஞ்சியத்துக்குச் செல்லவேண்டும், அங்கிருந்து வேறொரு சேவை பக்கங்களை ஆக்கவேண்டும், பயனர் நுழைவுக்கு இன்னொரு சேவை. மூன்று கணக்குகள், மூன்று நிறுவனங்கள். இவற்றுள் ஒன்று தன் விதியை மாற்றினால் ரீச்சர் எவரிடம் கேட்பார்? இளைஞர் நால்வர் உள்ள அமைப்புக்கு இது நல்ல தெரிவு. எமக்கு அன்று.

தரவுத்தளமின்றிக் கோப்புகளில் மட்டும் இயங்கும் கிராவ், கெற்சிம்பிள் போன்றவையும் உண்டு. காப்பெடுப்பது இவற்றில் மிக எளிது. அடைவைப் பிரதி செய்தால் முடிந்தது. எனினும் வழங்கியில் பிஎச்பி ஓடிக்கொண்டேயிருக்கும். இற்றைப்படுத்தும் கடமை தீரவில்லை. வேர்ட்பிரஸை வெளியார் கண்ணிற் படாத கணினியொன்றில் வைத்து, சிம்பிளி ஸ்ரற்றிக் போன்ற செருகுநிரலால் பக்கங்களை நிலைக்கோப்புகளாக எடுத்து வெளியிடும் வழியொன்றும் இருக்கின்றது. ஏற்கெனவே வேர்ட்பிரஸில் பழகிவிட்ட சங்கங்களுக்கு நான் முதலிற் பரிந்துரைப்பது இதைத்தான். பழகிய கையை மாற்றாமல் வாசலை மட்டும் பூட்டிவிடலாம்.

இறுதியில் நாம் தெரிவுசெய்தது பப்ளி எனும் கட்டற்ற மென்பொருளை. இது வழங்கியில் நிறுவப்படுவதன்று. விண்டோஸ், மக், லினக்ஸ் கணினிகளில் வேர்ட் போன்று சாதாரணமாக நிறுவப்படுவது. உள்ளே வேர்ட்பிரஸை ஒத்த எழுதுபலகை உண்டு. எழுதி, படத்தை இழுத்துப் போட்டு, ஒத்திசை எனும் பொத்தானை அழுத்தினால் அது எச்ரிஎம்எல் பக்கங்களை ஆக்கி வழங்கிக்கு எஃப்ரிபி வழியாக அனுப்பிவிடும். மலிவான எந்த வழங்கியும் போதும். இணைய இணைப்பு இல்லாதபோதும் எழுதலாம்.

குறையில்லாத மென்பொருளன்று. எழுதியவை யாவும் ஒரே கணினியில் இருக்கின்றன. அக்கணினி களவுபோனால் வெளியான பக்கங்கள் மிஞ்சும், ஆனால் திருத்தும் மூலம் போய்விடும். இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. பாடசாலையின் மடிக்கணினி ஒன்றை இதற்கென ஒதுக்கி, அதன் அடைவை வாரமொருமுறை வெளிவட்டு ஒன்றிற் பிரதிசெய்கின்றோம். வார்ப்புருவில் வரும் "மேலும் வாசிக்க", "முந்தைய பதிவு" போன்ற சொற்களைத் தமிழாக்க எனக்கு ஒரு சனிக்கிழமை பிடித்தது. செய்திகள் நாள்தோறும் வரும் தளத்துக்கு, அதுவும் பல நகரங்களிலிருந்து பலர் எழுதும் தளத்துக்கு, இதனை நான் சொல்லவே மாட்டேன்.

தமிழுக்கேயுரிய சில விடயங்களை இங்கு விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் முறைமைகளைப் பற்றி ஆங்கிலத்திலோ யேர்மனிலோ எழுதுபவர்கள் இவற்றைத் தொடுவதில்லை. பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். உலாவியிற் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் யுரிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுக்கள். இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைற்றும் மூன்று எழுத்துக்களாக விரியும். "தமிழ்" என்ற சொல்லில் விசிறியையும் புள்ளியையும் சேர்த்துக் குறியீடுகள் ஐந்து. முகவரியில் அது 45 எழுத்துக்கள் ஆகின்றது. மின்னஞ்சலில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளின் தொடராக நீண்டு, பாதியில் உடைந்துபோகும். வேர்ட்பிரஸ் இப்பகுதியை 200 எழுத்துக்களுடன் வெட்டிவிடுவதால், தமிழ்த் தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்களே எஞ்சும். ஆகவே கோப்புப் பெயர்களை உரோமன் எழுத்தில், ஆண்டுடன் சேர்த்துச் சிறிதாக நாமே கொடுக்கின்றோம். தமிழ் உணர்வுக்கு இது மாறானதென ஒரு நண்பர் குறைபட்டார். தமிழ் பக்கத்தினுள் இருக்கட்டும். உறையின் மேல் தபாற்காரருக்குப் புரிவதை எழுதுவோம் என்றேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுத்துருவைப் பொறுத்தவரை, எங்கிருந்தும் இறக்காதீர்கள் என்பதே எனது முடிவு. விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்த நாள்தொட்டு நிலைமை மாறிவிட்டது. இன்று கைத்தொலைபேசிகள் உட்பட எல்லாக் கருவிகளிலும் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு உள்ளது. அழகுக்காகத் தனி எழுத்துரு வேண்டுமெனின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்று தடையற்ற உரிமமுள்ள ஒன்றின் கோப்பை உங்கள் சொந்த வழங்கியிலேயே வையுங்கள். இல்லாவிடின் கடிதம் வரும்.

சட்டத்தைப் பற்றிய இன்னொரு குறிப்பு. கருத்துப்பெட்டி, வருகைக் கணிப்பான், யூரியூப் சாளரம், சமூகவலைத்தளப் பொத்தான் ஆகிய ஒவ்வொன்றும் 2018 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒரு கடமையைக் கொண்டுவருகின்றது. எமது புதிய தளத்தில் இவை எதுவும் இல்லை, குக்கிகளும் இல்லை, ஆகையால் நுழைந்தவுடன் முகத்தில் அறையும் அனுமதிப் பலகையும் இல்லை. தரவுப் பாதுகாப்பு அறிவித்தல் மட்டும் வழங்கியின் பதிவேடுகளுக்காக இருக்கின்றது. பொறுப்பாளர் விபரப் பக்கமும் கட்டாயம். பழைய தளத்தில் அப்பக்கம் ரெலிமீடியாச் சட்டத்தைச் சுட்டி நின்றது. 2024 மே மாதத்தில் அச்சட்டத்தின் இடத்தில் எண்ணிமச் சேவைகள் சட்டம் வந்துவிட்டது. இன்னும் பழைய பெயரைச் சுமந்து நிற்கும் எமது சங்கத் தளங்கள் பலவற்றைக் காண்கின்றேன்.

தொடர்புப் படிவம் இல்லையே என்பார்கள். மின்னஞ்சல் முகவரி இருக்கின்றது. தேடல் வசதி? பேஜ்ஃபைண்ட் போன்ற கருவிகள் தேடலை வழங்கியின்றி உலாவியிலேயே நிகழ்த்துகின்றன. நூறு பக்கங்களைத் தாண்டும்போது சேர்க்கலாம். "பழைய காலத்துத் தளம் போலிருக்கின்றதே" என்று ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் சொன்னார். வடிவமைப்பு வேறு, கட்டமைப்பு வேறு என்று விளக்கினேன். ஆனால் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களைப் பாருங்கள். எந்த ஒப்பனையும் இல்லை. சங்க இலக்கியம் தொடக்கம் அண்மைக்கால நூல்கள் வரை வெறும் கோப்புகளாக இன்றும் திறக்கின்றன. அதே ஆண்டுகளில் எம்மவர் பலர் தம் பக்கங்களை வைத்திருந்த யியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டபோது, தப்பியவை தம் கணினியில் பிரதி வைத்திருந்தோரின் பக்கங்களும் ஆவணக் காப்பகங்கள் அள்ளியெடுத்த பக்கங்களுமே. கோப்பு கையில் இருந்தால் வேறு எங்கும் வைக்கலாம். தரவுத்தளத்தினுள் இருந்தால் அந்தத் தரவுத்தளம் உயிர்க்கவேண்டும்.

மென்பொருளைத் தெரிவுசெய்வோர் வெளியாகும் பக்கங்களை ஒரு யுஎஸ்பி கோலில் இட்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பப்ளியில் இணைப்புகளைச் சார்புநிலையில் அமைக்கும் தெரிவை இயக்கினால் இது கைகூடும். முகப்பு, உட்பக்கம், படம், தமிழ் எழுத்து யாவும் தெரிந்தால் அம்முறைமை தகுதியானது. தெரியாவிடின் விற்பனையாளர் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள். காப்புப்பிரதியையும் அவ்வாறே திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத காப்புப்பிரதி காப்புப்பிரதியே அன்று. 2013 இல் நான் வைத்திருந்தது அத்தகைய ஒன்று.

முறைமையைவிட முக்கியமான வேறு சில, முறைமையைப் பற்றிய பேச்சில் மறக்கப்படுகின்றன. ஆள்களப் பெயர் தனியொருவரின் பெயரில் அன்றி, பதிவுசெய்யப்பட்ட சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். வழங்கி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் குறைந்தது மூவருக்குச் செல்லவேண்டும். கடவுச்சொற்கள் தாளில் எழுதப்பட்டு, உறையிலிடப்பட்டு, சங்க முத்திரை இருக்கும் அதே பெட்டியில் வைக்கப்படவேண்டும். பொறுப்பு மாறும் பொதுக்கூட்டத்தில் முத்திரையுடன் சேர்த்துக் கையளிக்கப்படவேண்டும். தாளில் எழுதுவதா என்று எனது தொழிற்றுறை நண்பர்கள் முகஞ்சுளிப்பர். பெட்டியை உடைக்கும் திருடனைவிட, எவருக்கும் சொல்லாமல் ஊர்மாறும் தன்னார்வலனையே நான் அஞ்சுகின்றேன். நான் அவனாக இருந்திருக்கின்றேன்.

2024 வைகாசியில் புதிய தளம் வெளியானது. ரீச்சருக்கு இரண்டு மாலைகள் சொல்லிக்கொடுத்தேன். பாமினி விசைப்பலகையிற் பழகிய கை அவருடையது. அதே விசையமைப்பில் ஒருங்குறி எழுத்து விழும்படி மென்பொருளை அமைத்துக் கொடுத்ததும் எதுவும் மாறியதாகவே அவர் உணரவில்லை. முதலாவது மாதத்தில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார், அதன்பின் ஒருமுறை. கடந்த வாணிவிழாச் செய்தியைப் படங்களுடன் அவரே வெளியிட்டிருந்தார். நான் மற்றவர்களைப் போல வாசித்துத்தான் அறிந்தேன். ஒரு படம் பக்கவாட்டிற் சரிந்து கிடந்தது. சொன்னேன். "எனக்குத் தெரியும், பேந்து திருத்துவம்" என்றார். அடுத்த நாள் திருத்தியிருந்தார்.

2001 முதல் 2007 வரையான பக்கங்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு இப்போது அத்தளத்தில் உள்ளன. 2008 முதல் 2013 வரையானவற்றில் இன்ரநெற் ஆவணக்காப்பகம் பதிந்து வைத்திருந்த சில பக்கங்களை மீட்டோம், பெரும்பகுதி கிடைக்கவில்லை. அஞ்சலிக் குறிப்புகளில் திகதிகள் மட்டும் உள்ளவற்றை வகுப்புப் பதிவேடுகளுடனும் பழைய மாணவரின் பெற்றோருடனும் ஒப்பிட்டு ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டிருக்கின்றோம். இன்னும் ஆறு பெயர்கள் எஞ்சியுள்ளன. அக்காலத்து ஆண்டுமலர், அழைப்பிதழ், மரண அறிவித்தல் எதையேனும் பேணி வைத்திருப்போர், அவை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒளிப்படம் எடுத்துப் பாடசாலைக்கு அனுப்புங்கள். தட்டச்சுச் செய்ய ரீச்சரும் நானும் இருக்கின்றோம்.